கஞ்சாவும் கஜானாவும்

நாட்டின் கஜானா வெறுமையடையும் போதெல்லாம் ஆளவந்தோரின் கண்களுக்கும் அவர்தம் ஆலோசகர்களின் கண்களுக்கும் ஒரு பச்சைச் செடி தென்படத் தொடங்குகிறது. 2022 ஏப்ரலில், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென இலங்கை அரசு உலகறிய அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் பாராளுமன்றத்தில் வாசிக்கப்பட்ட வரவு செலவுத் திட்ட உரையில், ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிடுவதுபற்றி ஆராய நிபுணர் குழு அமைக்கும் யோசனை இடம்பெற்றது. 2025இல், மீரிகமவில் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் ஏற்றுமதிக்கெனக் கஞ்சா பயிரிட அனுமதி வழங்கப்பட்டது. இன்னும் ஓர் அடி முன்னே சென்று, “உள்நாட்டிலும் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்குவோம், அதன்மீது வரி விதிப்போம், அவ்வரியைக் கொண்டு பாடசாலைகளையும் வைத்தியசாலைகளையும் நடத்துவோம்” என்று பேசுவோரும் உளர். அவர்களுள் தம்மை முற்போக்காளர் என அழைத்துக்கொள்வோரும் இருப்பதே நம்மை எழுதத் தூண்டிற்று.

இவ்வாதத்தில் இரு வினாக்கள் ஒரே கயிற்றாற் கட்டப்பட்டிருக்கின்றன. கஞ்சா புகைத்த குற்றத்துக்காக ஒரு மனிதனைச் சிறையில் அடைப்பது நீதியா என்பது ஒன்று. அம்மனிதன் புகைப்பதால் வரும் பணத்தைக் கொண்டு அரசு வாழ்வது நீதியா என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு ‘அன்று’ என்பவர் இரண்டாம் வினாவுக்கு ‘ஆம்’ என்றே தீரவேண்டும் என்று எந்தத் தருக்கமும் கட்டளையிடவில்லை. இரண்டுக்கும் ‘அன்று’ என்பதே நமது விடை.

முதல் வினாவை எடுத்துக்கொள்வோம். இன்று நம் நாட்டில் கஞ்சாவைத் தடைசெய்து நிற்பது 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம். பின்னர் பலமுறை திருத்தப்பட்டபோதும் அதன் அடித்தளம் வெள்ளையர் இட்டதே. ஆனால் நம் வைத்தியம் இச்செடியை அதற்குப் பன்னெடுங்காலம் முன்பே அறியும். சித்த வைத்தியரும் ஆயுர்வேத வைத்தியரும் லேகியங்களிற் சேர்த்துவந்த மூலிகை இது. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டமும் வைத்தியர்கள் மருந்துக்காக இதனைப் பெறுவதற்கு இடமளித்தது. ஆகவே, ‘கஞ்சா என்ற சொல்லே நம் பண்பாட்டுக்கு அந்நியம்’ என்று முழங்குவோர் வரலாற்றைப் படித்தவரல்லர்.

இச்செடிபற்றி ஆங்கில அரசே ஒருமுறை விரிவாக விசாரித்தது. 1893இல் இந்தியாவில் கஞ்சா விசாரணை ஆணைக்குழு ஒன்று நியமிக்கப்பட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து 1894இல் அது தன் அறிக்கையைப் பல தொகுதிகளாக வெளியிட்டது. மிதமாகப் பயன்படுத்துவோருக்குக் குறிப்பிடத்தக்க தீங்கில்லை, மிதமிஞ்சினால் தீங்குண்டு, முழுத்தடை வேண்டியதில்லை என்பதே அதன் முடிவு. பின்வந்த மருத்துவ ஆய்வுகள் ஒன்றை மேலும் தெளிவுறுத்தியுள்ளன. இளவயதிலேயே தொடங்கி நாள்தோறும் புகைப்போருக்கு உளநோய் ஏற்படும் அபாயம் மிகுதி. இதனை மறைக்க நாம் விரும்பவில்லை. ஆனால் நோய்க்கு மருந்து வைத்தியசாலையிலா, விளக்கமறியலிலா என்பதே கேள்வி.

அடுத்து, சிறைக்குப் போவோர் யார் என்று பாருங்கள். 2023 டிசம்பரில் ‘யுக்திய’ என்ற பெயரில் போதைப்பொருளுக்கு எதிரான பெரும் பொலிஸ் நடவடிக்கை தொடங்கியது. சில வாரங்களுள் பல்லாயிரவர் கைதாயினர். 2024 ஜனவரியில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்கள் இந்நடவடிக்கையைக் கண்டித்தனர். கொழும்பின் தோட்டக் குடிசைகளிலும் கரையோரச் சேரிகளிலும் பொலிசார் நுழைந்தனர். மாடமாளிகைகளின் கதவுகள் அவ்வாறு தட்டப்பட்டனவா? ஒரே இலை ஏழையின் மடியில் இருந்தால் குற்றம். செல்வன் வீட்டு விருந்தில் இருந்தால் பொழுதுபோக்கு. தண்டப்பணம் கட்டக்கூடியவன் அன்று மாலையே வீடு செல்கிறான். கட்ட முடியாதவன் சிறை செல்கிறான். ஏற்கனவே பிதுங்கி வழியும் நம் சிறைகள் இவ்வாறே நிரம்புகின்றன.

இதற்கிடையே மீரிகமவில் வேலி போட்ட வயலில் அதே செடி சட்டத்தின் பாதுகாப்போடு வளரலாம்! மொனராகலையிலோ அம்பாறையிலோ சேனைப்பயிர் பொய்த்துப்போன விவசாயி காட்டினுள் நாலு செடி நட்டால் அவனுக்கு விலங்கு. டொலர் கொண்டுவருவோன் ஏக்கர் கணக்கில் நட்டால் அவனுக்கு அனுமதிப் பத்திரம். செடியின் குணம் முதலீட்டின் அளவைப் பொறுத்து மாறிவிடுமா? சட்டத்தின் வர்க்கச் சார்பை விளக்க மாணவர்களுக்கு இதனிலும் சிறந்த பாடம் கிடையாது.

இங்கே ஒரு மறுப்பை நாம் மரியாதையோடு கேட்கவேண்டும். வடக்கிலும் மலைநாட்டிலும் தம் பிள்ளைகளைப் போதைக்குப் பறிகொடுத்த தாய்மாரின் மறுப்பு அது. பாக்கு நீரிணையைக் கடந்து ‘கேரளக் கஞ்சா’ மூட்டை மூட்டையாக வருவதையும், மன்னாரிலும் யாழ்ப்பாணக் கரையிலும் கடற்படையினர் அதனைக் கைப்பற்றுவதையும் நாம் அறிவோம். அதன் பின்னே ஹெரோயினும் ‘ஐஸ்’ என்னும் கொடிய இரசாயனமும் வருவதையும் அறிவோம். தாய்மாரின் அச்சம் மூடநம்பிக்கை அன்று. ஆனால் அவர்களிடம் நாம் பணிவோடு கேட்பது இதுதான்: 1929 முதல் தடை இருக்கிறதே, அது உங்கள் பிள்ளைகளைக் காத்ததா? தடை நீடிக்க நீடிக்கக் கஞ்சா விற்பவனும் ஹெரோயின் விற்பவனும் ஒருவனாகவே ஆகிவிட்டான். கூலிக்குப் படகோட்டிய மீனவ இளைஞன் அகப்படுகிறான். பணம் போட்டவன் அகப்படுவது அரிது. சிறை சென்ற சிறுவன் அங்கே பெரிய வியாபாரிகளின் மாணாக்கனாகித் திரும்புகிறான். இதுவா பாதுகாப்பு?

ஆகவே, சிறிதளவு கஞ்சா வைத்திருப்பவனைக் குற்றவாளியாக்கும் சட்டம் நீங்கவேண்டும். இதில் நமக்கு ஐயமில்லை.

இனி இரண்டாம் வினாவுக்கு வருவோம். ‘நீக்குவதோடு நில்லாது, வரி விதித்து வருமானம் பெறுவோம்’ என்போர் ஏதோ புதுமை கண்டவர்போற் பேசுகின்றனர். அந்தோ! இஃது ஏகாதிபத்தியத்தின் பழைய கணக்குப் புத்தகம். நாம் மேலே குறிப்பிட்ட அதே ஆணைக்குழு தடை வேண்டாமென்று சொன்னதோடு, வரியும் அனுமதிப் பத்திரமும் கொண்டு கஞ்சாவைக் கட்டுப்படுத்துமாறும் பரிந்துரைத்தது. வங்காளத்தின் ராஜ்சாகி மாவட்டத்து நௌகாவில் விவசாயி அனுமதிப் பத்திரம் பெற்றுப் பயிரிட்டான். விளைச்சல் அரசின் கண்காணிப்பில் பண்டகசாலை சென்றது. அதன்மீது தீர்வை விழுந்தது. சில்லறையாக விற்கும் உரிமை ஏலம் போயிற்று. இவ்வளவும் சட்டபூர்வமே. இதனால் வங்காளத்து உழவன் விடுதலை பெற்றானா? அரசின் கருவூலத்துக்கு இன்னுமொரு வாய்க்கால் வெட்டப்பட்டது, அவ்வளவே.

நம் நாட்டின் வரலாறு இன்னும் கசப்பானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் குடியேற்ற அரசு சாராயம் விற்கும் உரிமையைக் குத்தகைக்கு ஏலமிட்டு வருவாய் பெற்றது. கோப்பித் தோட்டங்கள் பெருகின, கூலி பெறும் தொழிலாளர் பெருகினர், தவறணைகளும் பெருகின. தொழிலாளி வாங்கிய கூலியிற் பெரும்பங்கு தவறணையின் வழியே குத்தகைக்காரனுக்கும் அவன் வழியே அரசுக்கும் திரும்பிச் சென்றது. இந்நாட்டு முதலாளி வர்க்கத்தின் தோற்றத்தை ஆராய்ந்த குமாரி ஜயவர்தன, அவ்வர்க்கத்தின் தொடக்க மூலதனத்தில் சாராயக் குத்தகைக்கு இருந்த பெரும் இடத்தை 2000ஆம் ஆண்டில் வெளியான தமது நூலில் எடுத்துக் காட்டியிருக்கிறார். தோட்டத் தொழிலாளியின் வயிற்றில் ஊற்றப்பட்ட சாராயம் கொழும்பின் மாளிகைகளாக எழுந்தது. 1904இலும் 1912இலும் மதுவிலக்கு இயக்கம் மக்களியக்கமாகப் பொங்கியதற்குக் காரணம் சமய ஒழுக்கம் மட்டுமன்று. குடிமக்களின் போதையில் அந்நிய அரசு வாழ்கிறது என்ற தன்மான உணர்வும் அதில் இருந்தது. அன்று வெள்ளையனிடம் நாம் கண்டித்த செயலை இன்று நம்மவன் செய்தால் அது முற்போக்காகிவிடுமா?

‘அது பழங்கதை, இன்றைய அமெரிக்காவைப் பாருங்கள்’ என்பர். பார்ப்போம். கொலராடோ மாநிலத்தில் 2012இல் மக்கள் வாக்களித்தனர். 2014 ஜனவரியில் கடைகள் திறந்தன. வரிப்பணத்தில் ஒரு பகுதி பாடசாலைக் கட்டடங்களுக்கு ஒதுக்கப்பட்டது உண்மையே. ஆனால் 2014இல் அம்மாநில வருவாய்த் திணைக்களமே செய்வித்த ஆய்வு என்ன கண்டது? புகைப்போருள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினரான நாளாந்தப் பாவனையாளர்களே மொத்த நுகர்வில் மூன்றில் இரண்டு பங்கை நுகர்ந்தனர். இதன் பொருளை ஆழ்ந்து நோக்கவேண்டும். எப்பொழுதாவது புகைப்பவன் அரசின் கஜானாவை நிரப்புவதில்லை. விடமுடியாது தவிப்பவனே நிரப்புகிறான். அவன் குணமடைந்தால் வருவாய் குறையும். நோயாளி குணமாகக் கூடாதென்று வேண்டிக்கொள்ளும் வைத்தியன் எத்தகையவனோ, அத்தகையதே போதை வரியை நம்பியிருக்கும் அரசு.

அவ்வருவாயாவது நிலைத்ததா? 2021இல் கொலராடோ பெற்ற கஞ்சா வரி 42 கோடி டொலர்; 2023இல் அது 28 கோடி டொலருக்குக் கீழே இறங்கிற்று. அயல் மாநிலங்கள் கடை திறந்தன, விலை சரிந்தது, வரியும் சரிந்தது. கலிபோர்னியாவிலோ வரிச்சுமையால் சட்டபூர்வக் கடைகள் தடுமாறக் கள்ளச் சந்தை கொழுத்தது. 2025 ஜூலையில் 19 வீதமாக உயர்ந்த தீர்வையை அதே ஆண்டு ஒக்டோபரில் மீண்டும் 15 வீதமாகக் குறைக்க நேர்ந்தது. இலங்கையருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. சாராயத்தின் விலை ஏற ஏறக் கிராமந்தோறும் கசிப்பு ஓடுவதை நாம் கண்ணாற் காண்கிறோம். வரியை உயர்த்தினால் கள்ளச் சந்தை வெல்லும்; தாழ்த்தினால் வருவாய் இராது. இந்த இடுக்கியினுள் அகப்பட்ட திட்டத்தையே பொருளாதார மீட்சி என்கின்றனர்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இங்கே ஒரு சொல். உங்கள் பெயரைச் சொல்லியே இவ்வரி கேட்கப்படுகிறது. ‘பாடசாலைக்குக் கூரை வேண்டாமா? வாசிகசாலைக்கு நூல் வேண்டாமா?’ என்பர். வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆனால் 1945இல் இலவசக் கல்வி இந்நாட்டுக்கு வந்தபோது அது பிள்ளையின் உரிமையாக வந்தது. இன்ன சரக்கு இவ்வளவு விலைப்பட்டாற்றான் கிடைக்கும் என்ற நிபந்தனையோடு வரவில்லை. அண்ணன் கஞ்சா புகைத்தாற்றான் தம்பியின் வகுப்பறைக்குக் கூரை என்பது எத்தகைய சமுதாய ஒப்பந்தம்? இதனை ஏற்கும் ஆசிரியர் எந்த முகத்தோடு மாணவன்முன் நிற்பார்?

கஜானா வெறுமையானது ஏன் என்ற கேள்வியையும் இத்திட்டம் மறைக்கிறது. 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாக வெட்டப்பட்டது. ஆண்டுக்கு 30 கோடி ரூபாவுக்குட்பட்ட விற்பனையுடைய வியாபாரங்கள் அவ்வரியிலிருந்து விடுவிக்கப்பட்டன. வருமான வரியும் குறைக்கப்பட்டது. அச்சலுகையாற் கொழுத்தவர் யாரென நாடறியும். பின்னர் நெருக்கடி வந்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் ஏறத்தாழ 300 கோடி டொலர் கடன்திட்டம் வந்தது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமாயிற்று. மேலே விட்டுக்கொடுத்ததைக் கீழே பிடுங்கினர். ஏழையின் கறிச்சட்டிவரை வந்த வரி, இனி அவன் துயரத்தை மறக்கத் தேடும் புகைவரையும் வரவேண்டுமாம்! செல்வத்தின்மீதும் பெருஞ்சொத்தின்மீதும் வரி கேட்கத் துணிவற்றவர்களே போதையின்மீது வரி கேட்கின்றனர்.

அப்படியாயின் வழி என்ன? உருகுவே என்னும் சிறிய நாடு 2013இல் ஒரு சட்டம் இயற்றிற்று. வருவாய் தேடுவது அதன் நோக்கமன்று. கள்ளச் சந்தையின் முதுகெலும்பை முறிப்பதே நோக்கம். வளர்ந்தோர் அரசிடம் பதிவு செய்யவேண்டும்; வீட்டிற் சில செடிகள் வளர்க்கலாம்; அல்லது மருந்துக்கடையில் மாதத்துக்கு 40 கிராம் அளவுக்குள் பெறலாம்; விளம்பரம் அறவே கூடாது. அதனை அப்படியே பெயர்த்து நடவேண்டுமென நாம் கூறவில்லை. ஆனால் அதன் நோக்கிலிருந்து கற்க வேண்டியது உண்டு.

நாம் கோருவன இவை. சொந்தப் பாவனைக்காகச் சிறிதளவு வைத்திருப்போரைக் கைதுசெய்யும் வழக்கம் ஒழியட்டும். அதற்காக மட்டும் சிறையிலிருப்போர் விடுதலை பெறட்டும். போதைக்கு அடிமையானோருக்கு மாவட்டந்தோறும் அவரவர் மொழியிற் பேசும் வைத்தியம் கிடைக்கட்டும். மருந்துக்காகப் பயிரிடும் உரிமை, வெளிநாட்டு முதலாளிக்கு முன் நம் சேனை விவசாயியின் கூட்டுறவுக்கு வழங்கப்படட்டும். புகையிலைக்கும் மதுவுக்கும் 2006இல் விதிக்கப்பட்ட விளம்பரத் தடை இதற்கும் விதிக்கப்படட்டும். நாளை விற்பனைக்கு இடமளிக்க நேர்ந்தால், அதில் தனியார் இலாபம் நுழையாதிருக்கட்டும். கிட்டும் பணம் அதனால் நோயுற்றோரின் வைத்தியத்துக்கு அப்பால் ஒரு சதமும் செல்லாதிருக்கட்டும். அப்பணத்தை நம்பி ஒரு பாடசாலையும் ஒரு வைத்தியசாலையும் நிற்கக்கூடாது. அப்பொழுதுதான் பாவனை குறைந்த நாளில் அரசு மகிழும், இல்லையேல் அழும்.

ஏழையைச் சிறையிலிட்டு அவன் ஒழுக்கத்தைக் காப்பதாகச் சொல்வது ஒரு பொய். அவனை மயங்கச் செய்து அவன் பிள்ளைக்குக் கல்வி தருவதாகச் சொல்வது மற்றொரு பொய். இரு பொய்களும் வெவ்வேறு வாய்களிலிருந்து வரலாம். அவற்றாற் பயனடையும் கைகள் ஒன்றே. விலங்கையும் விலைச்சீட்டையும் ஒருங்கே மறுக்கும் துணிவு உழைக்கும் மக்களின் பக்கம் நிற்போருக்கு வேண்டும்.