வெயில் விழுமா பாஸ்?

ஊட்டி, குன்னூர் பக்கம் வீடு கட்டப் போறீங்களா? வாஸ்து கிடக்கட்டும், முதல்ல சரிவு எந்தத் திசைன்னு பாருங்க.

டிசம்பர் 21 உச்சிவேளையிலகூட அங்கே சூரியன் தெற்கே சுமார் 55 டிகிரி உயரத்துலதான் இருக்கும். 7 மீட்டர் சுவரோட நிழல், சமதரையில 5 மீட்டர் விழும். வடக்கே 20 டிகிரி சரியும் மனைன்னா, மேல்வீட்டு நிழல் ஆறரை மீட்டர் இறங்கும்! கீழ்வீட்டுல பட்டப்பகல்லயும் பல்பு, சுவர்ல பூஞ்சை, காயாத துணி.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு வானவெளிச்சத்தை மட்டும் வெச்சுத்தான் வீட்டுக்குள்ள வர்ற பகல் வெளிச்சத்தைக் கணக்குப் போடுது. ஆனா, நேர்வெயில் அந்தக் கணக்குலயே வராது. மலையில ஈரம் காய அதுதானே வேணும்?

டிசம்பர்ல ஒருநாள் மனையில போய் நில்லுங்க. எதிர்மலை நிழல் எத்தனை மணிக்குத் தொடுதுன்னு குறிச்சுக்கிட்டு, அப்புறம் அட்வான்ஸ் கொடுங்க.