மட்குவது மட்டும் போதுமா?

திண்டுக்கல்லிலிருந்து மதுரை நோக்கிச் செல்லும் பெருவழியில், சிறுமலை அடிவாரத்தில் அமைந்த சின்னாளப்பட்டியின் பெயரைச் சொன்னவுடன் தமிழ்நாட்டுத் தாய்மார்களுக்கு நினைவில் தோன்றுவது சேலை. சுங்குடிச் சேலை ஒன்று. செயற்கைப் பட்டுச் சேலை மற்றொன்று. காஞ்சிப் பட்டு வாங்க இயலாத எத்தனையோ எளிய இல்லங்களின் மணநாளைச் சின்னாளப்பட்டிச் செயற்கைப் பட்டு மினுக்கியது. அந்தப் பட்டு புழு தந்தது அன்று; மரக்கூழிலிருந்து எடுத்த ரேயான் இழை. வேதியியலார் பலபடி என அழைக்கும் பெருங்குடும்பத்தில் அதுவும் ஓர் உறுப்பு. நாம் இன்று நெகிழி என்று ஏசும் பொருளுக்கு ஒன்றுவிட்ட உடன்பிறப்பு. ஆனால், மண்ணில் புதைத்தால் மட்கிவிடும் நல்ல உடன்பிறப்பு. ‘மட்கும் நெகிழி’ என்னும் சொல் நம் காதில் விழுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்னரே, இவ்வூர்த் தறிகள் மட்கும் பலபடியை நெய்துகொண்டிருந்தன எனலாம்.

இதைப் பெருமையாகச் சொல்லத் தொடங்கி, பாதியிலேயே நிறுத்த வேண்டியவனாகிறேன். மரக்கூழ் தானே இழையாவதில்லை. அதனை எரிசோடாவில் ஊறவைத்து, கார்பன் டைசல்பைடு என்னும் நச்சு நீர்மத்தோடு வினைபுரியச் செய்து, பாகுபோலாக்கி, கந்தக அமிலத் தொட்டிக்குள் நுண்துளைகளின் வழியே பிழிந்தால்தான் ரேயான் பிறக்கும். அந்த நச்சின் ஆவியை நாள்தோறும் சுவாசித்த தொழிலாளர் நரம்பு தளர்ந்தும், மனம் பேதலித்தும், நெஞ்சுநோய் கண்டும் துன்புற்ற வரலாறு உலகின் பல நாடுகளில் பதிவாகியுள்ளது. நம் மாநிலத்திலும் ஒரு சான்று உண்டு. கோவை மாவட்டம் சிறுமுகையில், பவானியாற்றங்கரையில் இயங்கிய விஸ்கோஸ் ஆலையின் கழிவு ஆற்றைக் கெடுப்பதாக 1990களில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர், வழக்குகள் நடந்தன, பின்னர் அவ்வாலை மூடப்பட்டது. உடுத்தியவர்க்கு ஊறில்லை, புதைத்த மண்ணுக்கும் ஊறில்லை. இடையில், செய்த கையும் ஓடிய ஆறும் விலை கொடுத்தன.

இப்பழங்கதையை இன்று நினைவூட்டக் காரணம் உண்டு. 2019 சனவரி முதல் நாள் தொட்டு, ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டன. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கிற்று. இத்தகைய சூழலில் ‘மட்கும்’ என்னும் முத்திரையோடு பைகளும் குவளைகளும் சந்தைக்கு வந்துள்ளன. இவ்வகைப் பொருள்களுள் பெயர்பெற்றது, கரும்பு, மக்காச்சோளம் ஆகியவற்றின் சர்க்கரையைப் புளிக்கவைத்துச் செய்யப்படும் பாலிலாக்டிக் அமிலம். முத்திரையைப் படித்த மாத்திரத்தில் மனநிறைவு கொள்கிறோம். அப்பொருளை எதில் கரைத்தார்கள், எதைக்கொண்டு உருவாக்கினார்கள் என்று யாரும் வினவுவதில்லை. என் கருத்தில், அவ்வினாவே முதல் வினாவாக இருத்தல் வேண்டும்.

நெகிழியை வெப்பத்தால் உருக்கி வார்ப்பதற்குக் கரைப்பான் தேவையில்லை என்பது உண்மையே. ஆயின், அதனை நுரைபோல் உப்பவைக்கவோ, கடற்பஞ்சுபோல் துளையுடையதாக்கவோ, அதனுள் மருந்தைப் பொதிக்கவோ முயலும்போது சிக்கல் எழுகிறது. உடலினுள் வைக்கும் மட்கும் பலபடிகளைத் துளையாக்க, குளோரோஃபார்ம் போன்ற கரைப்பான்களைப் பயன்படுத்துவது வழக்கமாக இருந்தது. நுரைத் தட்டுகளை உப்பவைக்க, ஓசோன் படலத்தை அரிக்கும் குளோரோ ஃபுளோரோ கார்பன்கள் பயன்பட்டன. இவ்விடத்தில்தான் அழுத்தமூட்டிய கரியமில வாயு உதவிக்கு வருகிறது.

கோலி சோடாவை அறியாதார் நம்மில் யார்? கோலியை அழுத்தியவுடன் அழுத்தம் தளர்கிறது. நீரில் அடங்கிக் கிடந்த கரியமில வாயு குமிழிகளாய்ப் பொங்குகிறது. நீருக்குப் பதில் இளகிய நெகிழியை எண்ணிப் பாருங்கள். வாயுவை உயர் அழுத்தத்தில் அதனுள் புகுத்தி, பின் சட்டென்று அழுத்தத்தைத் தளர்த்தினால் குமிழிகள் பொங்கும். ஆனால் நீரைப்போல் கலைந்து போகாமல், இறுகும் நெகிழியினுள் அப்படியே நின்றுவிடும். வாயுவோ காற்றோடு வெளியேறிவிடும். கழுவ வேண்டிய நஞ்சு ஏதும் எஞ்சாது.

இவ்வாயுவுக்கு இன்னுமொரு வியத்தகு பண்பு உண்டு. 31 டிகிரி செல்சியஸ் வெப்பத்தையும், ஏறத்தாழ 73 மடங்கு வளிமண்டல அழுத்தத்தையும் கடந்துவிட்டால், அது வளிமமாகவும் இராது, நீர்மமாகவும் இராது. வளிமம்போல் ஊடுருவும், நீர்மம்போல் கரைக்கும். இந்த மாறுநிலையை அயர்லாந்து அறிஞர் தாமஸ் ஆண்ட்ரூஸ் 1869-இல் விளக்கினார். 31 டிகிரி என்பது நம் திண்டுக்கல் சமவெளிக்கு ஒரு வெப்பமே அன்று; பங்குனி வெயிலே அதைத் தாண்டிவிடும்! அழுத்தம்தான் கடினம், நம் அடுக்களை எரிவாயு உருளையினுள் இருப்பதைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு. 1960களில் ஜெர்மானியர் குர்ட் சோசல் இம்முறையால் காப்பிக்கொட்டையிலிருந்து காஃபீனைப் பிரித்தெடுத்தார். கேரளத்தில் நறுமணப் பொருள்களின் சாரம் எடுக்கவும் இதே முறை பயன்படுகிறது. சிறுமலையில் விளையும் மிளகுக்கும் காப்பிக்கும் பொருந்தும் நுட்பம் இது என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்க.

நெகிழிக்கு வருவோம். பாலிலாக்டிக் அமிலம் ஏறத்தாழ 60 டிகிரியில்தான் விறைப்பு நீங்கி இளகத் தொடங்கும். கரியமில வாயு அதனுள் புகுந்தால் அதற்கும் குறைந்த வெப்பத்திலேயே இளகிவிடும். ஆகவே வெப்பம் தாங்காத மருந்துகளையும் சிதையாமல் பொதிக்க வழி பிறக்கிறது. 1996-இல் டேவிட் மூனி, இராபர்ட் லாங்கர் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள், இதற்கு உறவான ஒரு மட்கும் பலபடியை, கரைப்பான் ஒரு துளியும் இன்றி, இவ்வாயுவைக்கொண்டே பஞ்சுபோல் ஆக்கிக் காட்டினர். உயிர்த்திசுக்கள் படர்ந்து வளர்வதற்கான சாரம் அது. அதே ஆண்டில், நுரைத் தகட்டை முழுக்க முழுக்கக் கரியமில வாயுவால் உப்பவைத்த டவ் நிறுவனத்திற்கு அமெரிக்க அரசின் பசுமை வேதியியல் பரிசு கிடைத்தது. அத்தகடு மட்காத பாலிஸ்டைரீன்தான்; எனினும் செய்முறை தூய்மை பெற்றது.

புவியைச் சூடாக்கும் வாயுவைப் போய்த் தூய்மை என்பதா என்று பெரியோர் சிலர் கேட்கலாம். ஞாயமான கேள்வி. இதற்கெனக் கரியைப் புதிதாய் எரிப்பதில்லை. வடிப்பாலைகளும் உர ஆலைகளும் வெளிவிடும் வாயுவைப் பிடித்துத் தூய்மைசெய்து, முடிந்தவரை திரும்பத் திரும்பப் பயன்படுத்துகின்றனர். அதனால் புவி குளிர்ந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அழுத்தக் கலன்களின் விலையும், அழுத்துவதற்கு வேண்டிய மின்சாரமும் சிறுதொழில் செய்வோரின் கைக்கு எட்டுபவை அல்ல.

சின்னாளப்பட்டிச் சாயப்பட்டறையினர்க்கு இதனால் விடிவு உண்டா என்றும் வினவுவர். பாலியெஸ்டர் துணிக்கு நீரே இன்றிக் கரியமில வாயுவில் சாயமேற்றும் பொறியை நெதர்லாந்து நிறுவனம் ஒன்று உருவாக்க, 2010களில் அது தாய்லாந்து, தைவான் ஆலைகளில் இயங்கிற்று. ஆனால் சுங்குடி பருத்தி. பருத்தி அம்முறைக்கு எளிதில் இசைவதில்லை. ஆதலின், நாளையே சாயக்கழிவு ஒழிந்துவிடும் என்று அவ்வூராரிடம் சொல்வது ஏமாற்று.

மட்கும் என்ற சொல்லிலும் ஒரு மறைபொருள் உண்டு. பாலிலாக்டிக் அமிலக் குவளை விரைந்து மட்க, 58 டிகிரி அளவிலான வெப்பம் தொடர்ந்து நிலவும் உரக்கிடங்கு வேண்டும். கண்மாய்க் கரையில் எறிந்தால் அது ஆண்டுக்கணக்கில் குவளையாகவே கிடக்கும். நோன்புக் கஞ்சி வாங்கப் பிள்ளைகள் தூக்குவாளியோடு பள்ளிவாசலுக்கு ஓடிவந்த காலம் நம் முதியோர்க்கு நினைவிருக்கும். அந்தத் தூக்குவாளி இருக்கும்வரை அவ்விடத்தில் எந்த நெகிழிக்கும் வேலையில்லை. மட்கும் நெகிழியை மருத்துவம் போன்ற தவிர்க்கவியலாத இடங்களுக்கு வைத்துக்கொள்வோம். அங்கும் நச்சுக் கரைப்பானை விலக்கி, இவ்வாயுவால் செய்ததைக் கேட்டு வாங்குவோம். வாங்கியதை மட்கச்செய்யும் கிடங்கு நம் பேரூராட்சிகளில் உண்டா என்பதையும் உடன் கேட்போம்.

நம் கல்லூரி வேதியியல் துறையினர் ஒரு சிறு அழுத்தக் கலனேனும் வாங்கி மாணவர்க்கு இதனைச் செய்து காட்டலாம். அதற்குரிய கலைச்சொற்களை ஆக்கித் தரும் பொறுப்பைத் தமிழ்த்துறை ஏற்கட்டும். கூட்டுறவுக்குக் காந்திகிராமப் பல்கலைக்கழகம் சின்னாளப்பட்டிக்கு அருகிலேயே இருக்கிறது.

இம்மலர் வெளியீட்டு விழா விருந்துக்கு எத்தட்டு என்று மாணவர் மன்றத்தாரைக் கேட்டேன். வாழையிலை என்றனர், மகிழ்ந்தேன். தேநீர்க் குவளை மட்டும் இன்னும் முடிவாகவில்லையாம்.