பனின்னா எந்தப் பனிங்க? முயல் வேட்டையும் மரபு ஜல்லியும்

டிஸ்கி: கொஞ்சம் சூடான பதிவு. முயல் கறி பிரியர்கள் மனசு புண்பட்டா கம்பெனி பொறுப்பில்லை.

மார்கழி பொறந்தாப் போதும், நம்மாளுங்களுக்கு வேட்டை ஞாபகம் வந்துடுது. "விடியக்காலப் பனியில நாட்டுத் துப்பாக்கியத் தூக்கிட்டுப் போயி நாலு முயல் அடிச்சுட்டு வர்ற சுகம் இருக்கே..."ன்னு ஒரு பெரிசு ஆரம்பிச்சா, பாரம்பரியம், மண்வாசனை, வீரம்னு பக்கவாத்தியம் வாசிக்க நாலு இளவட்டம். பத்தாததுக்கு அமெரிக்காவுல பொட்டி தட்டற சினேகிதன் ஒருத்தன் ஒரு போட்டோ அனுப்பிச்சான். முழங்கால் அளவு வெண்பனி, ஆரஞ்சு கலர் கோட்டு போட்ட வெள்ளக்காரர், கையில குழாய் வாய்வழியா மருந்து கெட்டிக்கற பழைய மாடல் துப்பாக்கி, இடுப்புல தொங்கற முயல். கூடவே ஒரு கேள்வி: "இங்க பண்ணினா ஸ்போர்ட்டு, நம்மூர்ல பண்ணினா கேஸா?"

ஆமாங்க, கேஸ்தான். கேஸாத்தான் இருக்கணும். நெருப்பெரிச்சல்காரனுக்கு சூடு ஏறினதுக்குக் காரணம் ஊர்ப்பேரு மட்டும் இல்லை. :-) ஒண்ணொண்ணா சொல்றேன்.

முதல்ல இந்தப் பனி. தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே வார்த்தைங்கறதால வர்ற குழப்பம் இது. அங்க பெய்யற பனி தரையில படிஞ்சு கிடக்கும். முயல் எந்தப் பக்கம் போச்சுன்னு காலடித் தடம் சொல்லும். வெள்ளைத் தரையில எது அசைஞ்சாலும் கருப்பாத் தெரியும், அதுக்குப் பின்னாடி யாராச்சும் நிக்கறாங்களான்னும் தெரியும். நம்மூர் மார்கழிப் பனி காத்துல நிக்கும். பத்தடி தள்ளி நிக்கறது மாடா மனுசனான்னு தெரியாது. அங்க பனி காட்டிக் கொடுக்குது, இங்க பனி மறைக்குது. ரெண்டையும் ஒண்ணுன்னு சொல்லி ஜல்லியடிச்சா எப்படி?

அடுத்தது துப்பாக்கி. அந்த ஊர்ல சின்னப் பிராணி வேட்டைக்குன்னே .32, .36 அளவுல வாய்வழி ரைபிள் செய்யறாங்க. குழாய்க்குள்ள மரை ஓடும், ஒரே ஒரு குண்டு, குறி வச்ச இடத்துக்குப் போகும். நம்ம நாட்டுத் துப்பாக்கி ரைபிளே இல்லீங்க. லைசென்ஸ் இல்லாம பட்டறையில செய்யறதுல பாதி வெறும் இரும்புக் குழாய். அதுல ஒரு கை பால்ரஸ் குண்டைப் போட்டுக் கெட்டிச்சு சுட்டா, குண்டுங்க விரிஞ்சு போகும். முயல் ஒண்ணைப் பார்த்துத்தான் சுடுவீங்க, மிச்சக் குண்டு எங்க போகுதுன்னு பனிக்குத்தான் தெரியும்.

மருந்து விசயம் இன்னும் மோசம். கரிமருந்துங்கறது எழுபத்தஞ்சு பங்கு வெடியுப்பு, பதினஞ்சு பங்கு கரி, பத்துப் பங்கு கந்தகம். ஈரம் ஏறினா ஒழுங்காப் பத்தாது. விசையை இழுத்தா கேப்பு மட்டும் 'டப்'புங்கும், மருந்து உள்ளாற பொகைஞ்சுட்டு நிக்கும். "என்னடா இது, வெடிக்கலை"ன்னு குழாயத் திருப்பிப் பாக்கற நேரத்துல வெடிக்கும். இல்லைன்னா வெடிக்கலைன்னு நெனச்சு மேல இன்னொரு தடவை மருந்து கெட்டிப்பாங்க. அடுத்த வெடிக்குக் குழாயே பிளந்துடும். வெடிக்காத துப்பாக்கிய ஆளில்லாத பக்கம் பாத்துப் புடிச்சுட்டு ஒரு நிமிசமாவது காத்திருக்கணும்ங்கறது அந்த ஊர் வேட்டைக்காரனுக்குச் சொல்லிக் கொடுக்கற பாலபாடம். நம்மூர்ல யாருங்க சொல்லிக் கொடுக்கறாங்க?

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்னு நெனைக்காதீங்க. போன மார்கழியில எங்க ஏரியாவுல ஒரு ஒடிசா பையன், நைட் ஷிப்ட் முடிச்சுட்டு காட்டு வழியா ரூமுக்கு சைக்கிள்ல வந்திருக்கான். பனிக்குள்ள இருந்து ஒரு வெடிச் சத்தம். கேரியர்ல கட்டியிருந்த தூக்குப் போசியில ஓட்டை. ரெண்டு நாள் கழிச்சு டீக்கடையில அதை எங்கிட்டக் காட்டினான். "போலீஸ்ல சொன்னியா தம்பி?"ன்னு கேட்டேன். "வேணாம் அண்ணா, நம்ம ஊர் இல்லை"ன்னுட்டு டீயக் குடிச்சுட்டுக் கெளம்பிட்டான். பனியன் கம்பெனி ஊர்ல விடியக்காலை நாலு மணிக்கு ரோட்டுல, காட்டுல, எல்லா இடத்துலயும் ஆள் நடமாட்டம் உண்டு. ஷிப்ட் முடிச்சவங்க, பால் ஊத்தப் போறவங்க, ஆடு ஓட்டிட்டுப் போறவங்க. இவங்க மேல குண்டு பட்டா அதுக்குப் பேரும் பாரம்பரியம்தானா?

சரி, அமெரிக்காக்காரனை மட்டும் விடறாங்களேன்னு கேட்டா, சும்மா விடலைங்க. லைசென்ஸ், சீசன், ஒரு நாளைக்கு இத்தனை முயல்தான்னு கணக்கு. பல மாநிலங்கள்ல வேட்டைப் பயிற்சி வகுப்பும் கட்டாயம், ஆரஞ்சு உடுப்பும் கட்டாயம். அந்த வெள்ளக்காரர் கோட்டு ஸ்டைலுக்குப் போட்டதில்லை, அடுத்தவன் தன்னைச் சுட்டுடக் கூடாதுன்னு போட்டது. 1937ல அவங்க கொண்டுவந்த பிட்மேன்-ராபர்ட்சன் சட்டப்படி நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போடற 11 சதவீத வரி, காட்டுயிர்ப் பாதுகாப்புக்குத்தான் போகுது. நம்ம வேட்டை வீரர்கள் இதுவரைக்கும் எந்த முயலுக்கு என்ன குடுத்திருக்காங்க?

நம்ம நாட்டுலயும் அந்த ஏற்பாடு இருந்தது, தெரியுங்களா? 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல 'ஸ்மால் கேம்'னு தனி அட்டவணையே இருந்தது. லைசென்ஸ் வாங்கி வேட்டையாடலாம். 1991 திருத்தத்துல அதைத் தூக்கிட்டாங்க. 2022 திருத்தத்துல அபராதத்தையும் ஏத்தி, இப்ப முயல் அடிச்சா மூணு வருசம் வரைக்கும் ஜெயில், இல்லை ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், இல்லை ரெண்டும். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி கையில இருந்தா அது தனிக் கேஸ். 2019 திருத்தத்துக்கு அப்புறம் குறைஞ்சபட்சமே ரெண்டு வருசம்.

"எங்க துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருக்கு"ன்னு ஒருத்தர் மீசைய முறுக்குவாரு. இருக்கட்டுங்க. 1959 ஆயுதச் சட்டம் வாய்வழித் துப்பாக்கிக்கு லைசென்ஸ் குடுக்கறது பயிர்க் காவலுக்கு. அதை வச்சு முயல் சுட்டா வேட்டைச் சட்டம் சும்மா இருக்காது. பயிர்ச் சேதம்ங்கறது நெசமான பிரச்சினைதான், அதை நான் மறுக்கலை. காட்டுப்பன்னியால அழிஞ்ச கடலைக்காட்டை நானே பார்த்திருக்கேன். அதுக்குத்தான் விவசாயிங்க கத்திக் கத்தி, 2025ல தமிழக அரசு காப்புக்காட்டுல இருந்து மூணு கிலோமீட்டருக்கு வெளிய வர்ற காட்டுப்பன்னியை வனத்துறை சுடலாம்னு உத்தரவு போட்டுச்சு. அது ஒரு வழி. அந்த விவசாயி பேரைச் சொல்லி வாரக்கடைசியில பண்ணை வீட்டுல பார்ட்டிக்கு முயல் அடிக்கறது வேற வழி.

இப்ப இந்த 'மரபு'க்கு வருவோம். யாரோட மரபு? வாய்வழித் துப்பாக்கியும் முயலும் கவுதாரியும் வயித்துப் பொழப்பா இருந்தது நரிக்குறவர்களுக்கு. சட்டம் வந்ததும் அந்தத் தொழில் போச்சு. இன்னிக்குப் பஸ் ஸ்டாண்டுல ஊசி பாசி விக்கறாங்க. அவங்களைப் பழங்குடிப் பட்டியல்ல சேர்க்கறதுக்கே 2023 ஜனவரி வரைக்கும் ஆச்சு. பக்கத்துக் குடகுல கொடவர்களுக்குத் துப்பாக்கி லைசென்ஸ்லயே விலக்கு இருக்கு. ஆனா அந்த விலக்கு துப்பாக்கி வச்சுக்கத்தான், அதால முயல் சுடறதுக்கு இல்லை. பசிக்கு வேட்டையாடினவங்களே விட்டுட்டாங்க. கார்ல ஹெட்லைட் போட்டு, முயல் கண்ணு கூசி நிக்கும்போது சுடற நீங்க பாரம்பரியக் காவலர்களா? காமெடி பண்ணாதீங்க சாமி.

எங்க அப்பிச்சி காலத்து முயல் கொறங்காட்டுல இருந்தது. சுத்தியும் கிளுவை வேலி, உள்ளாற கொழுக்கட்டைப் புல்லு, நடுவால வெள்வேல மரம். அந்த வேலியைப் புடுங்கி, சைட் போட்டு, கல்லு நட்டு வித்துட்டோம். மிஞ்சினது வேலியோரத்துல அங்கொண்ணும் இங்கொண்ணும். அதையும் சுட்டுட்டு எந்த மரபைக் காப்பாத்தப் போறோம்?

நம்ம பக்கத்துலயே நஞ்சராயன் குளம் இருக்கு. சாயப்பட்டறை ஊர்னு பேரெடுத்த திருப்பூர்ல அது 2022ல பறவைகள் சரணாலயம் ஆச்சு, 2024 ஆகஸ்ட்ல ராம்சர் பட்டியலுக்கும் போச்சு. பனியில வெளிய போயே ஆகணும்னு கை அரிச்சா அங்க ஒரு பைனாகுலரோட போங்க. வெடிக்காமப் போனாலும் கை போகாது. :-)

பின்னூட்டத்துல திட்டறவங்க தாராளமாத் திட்டலாம். ஆனா "அமெரிக்காவுல..."ன்னு ஆரம்பிக்கறவங்க, அந்தப் பதினோரு சதவீதத்தைப் பத்தியும் ரெண்டு வரி எழுதிட்டுத் திட்டுங்க. ஆபீஸ்ல ஆணி நிறைய இருக்கு, வர்ட்டுங்களா?