சில்லின்மேல் ஓர் இல்லம்

மனிதனுக்கு இரண்டு ஆசைகள் உண்டு. சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்பது ஒன்று. அந்த வீட்டைவிட்டு எங்கேனும் போய்வர வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒருங்கே தீர்த்துக்கொள்ளக் கருதியோர் கண்ட வழி, பழைய பஸ் வண்டி ஒன்றை வாங்கி, ஆசனங்களைக் கழற்றிவிட்டுக் கட்டிலும் அடுப்பும் பொருத்தி, குடும்பத்தோடு ஊர் சுற்றுவதாகும். நமது கல்முனைப் பகுதியிலும் இவ்வெண்ணம் சிலர் உள்ளத்தில் முளைத்திருப்பதாக அறிகிறேன். அன்னோருக்குப் பயன்படக்கூடிய சில செய்திகளை இவ்வாரம் சொல்ல விரும்புகிறேன்.

எண்ணிப் பார்த்தால், இது நமக்கு முற்றிலும் புதியதன்று. கதிர்காமத்துக்குக் கூடார வண்டி கட்டிச் சென்ற காலத்தில், வண்டியின் கீழே லாந்தரும் சட்டிபானையும் தொங்க, உள்ளே வைக்கோலின்மேல் பாய் விரித்துக் குழந்தைகள் உறங்கியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். மேல்நாட்டில், பிரித்தானியக் கடற்படையில் வைத்தியராயிருந்து ஓய்வுபெற்ற கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர் 1885ஆம் ஆண்டில் ‘வாண்டரர்’ என்னும் வண்டிவீட்டைச் செய்வித்து, இரண்டு குதிரைகள் பூட்டி, இங்கிலாந்திலிருந்து ஸ்கொத்லாந்துவரை உலாப் போனார். 1973ஆம் ஆண்டில் லண்டனிலிருந்த இளைஞர் சிலர், ஓடி ஓய்ந்த இரட்டைத்தட்டு பஸ்ஸை வாங்கி, மேல்தட்டில் படுக்கையும் கீழ்த்தட்டில் அடுக்களையும் அமைத்துப் பயணிகளை ஏற்றினர். அத்தகைய வண்டிகள் பின்னாளில் காத்மண்டுவரை வந்தன. ஆந்திரத்து நடிகர் என். டி. ராமராவ் 1982ஆம் ஆண்டில் கட்சி தொடங்கியபோது, பழைய செவர்லே வான் ஒன்றைத் திருத்திச் ‘சைதன்ய ரதம்’ எனப் பெயரிட்டு, அதிலேயே உண்டு உறங்கி ஊரூராகச் சென்றார். அடுத்த ஆண்டு சனவரியில் முதலமைச்சரானார்.

ஆகவே, பழைய வண்டி என்றவுடன் முகஞ்சுளிக்க வேண்டுவதில்லை. 1958ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றிய பின்னர், லண்டன் வீதிகளில் தேய்ந்த இரட்டைத்தட்டு பஸ்கள் விலைக்கு வாங்கப்பட்டு, நமது நாட்டில் மேலும் பல்லாண்டு உழைத்தன. ஆயினும் எல்லாப் பழைய வண்டியும் உழைக்கும் வண்டியன்று. 2021ஆம் ஆண்டில், கழிக்கப்பட்ட பஸ்கள் பல, மீன் பெருகட்டும் என்று கடலடியில் அமிழ்த்தப்பட்டமை நேயர்களுக்கு நினைவிருக்கலாம். நாம் விலைபேசும் வண்டி மனிதருக்கு உரியதோ, மீனுக்கு உரியதோ என்று அறிந்துகொள்வதே முதற்பாடம்.

என்னோடு பல்லாண்டு படிப்பித்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் இருக்கிறார். அவரை நான் ‘நானா’ என்றே அழைப்பது. பணிக்கொடை கைக்கு வந்ததும், பஸ் ஒன்றை வாங்கி வீடாக்க வேண்டும் என்று அவர் துடித்தார். சென்ற மாதம் ஒரு வண்டியைப் பார்க்க இருவரும் போனோம். புதுப்பூச்சு மினுங்கிற்று, இயந்திரமும் ஒரே முடுக்கில் உயிர்பெற்றது. நானாவின் முகம் மலர்ந்தது. எம்மோடு வந்த கராச் பாஸ் ஒன்றும் பேசாமல், சிறு சுத்தியலொன்றை எடுத்துக்கொண்டு வண்டியின் கீழே நுழைந்தார். அவர் தட்டிய இடத்திலெல்லாம் துரு செதில் செதிலாய் உதிர்ந்தது. தளத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் இரண்டு உளுத்துப்போயிருந்தன.

கரையோர வீதியில் ஓடிய வண்டியை உப்புக்காற்று கீழிருந்து தின்னும். மலைநாட்டில் ஓடிய வண்டியிலோ பிரேக்கும் கியர்ப்பெட்டியும் தேய்ந்திருக்கும். தேய்ந்த உறுப்பை மாற்றலாம். உளுத்த சட்டகத்தின்மேல் எத்துணை அழகிய கட்டிலைப் போட்டும் பயனில்லை. எனவே உள்ளே ஏறிப் பார்க்கு முன்னர், கீழே படுத்துப் பார்க்க வேண்டும்.

இனி, இடத்தின் கணக்கு. பதினொரு மீற்றர் நீளமுள்ள பஸ்ஸில், சாரதியின் இடம் போக எஞ்சும் தளம் ஏறத்தாழ 220 சதுர அடி. நமது வீடுகளில் ஒரு பெரிய அறையின் அளவு. பாரத்தைப் பற்றி அஞ்சவேண்டாம். ஐம்பது பேரைச் சுமந்த வண்டி மூவாயிரம் கிலோகிராமைச் சுமந்த வண்டியன்றோ? ஆனால் அப்பாரம் தாழ இருக்க வேண்டும். கூரைமேல் தண்ணீர்த் தாங்கியை ஏற்றினால் வளைவுகளில் வண்டி சரியும். ஆளுக்கு நாளொன்றுக்கு 25 லீற்றர் என்றால், நால்வருக்கு இருநூறு லீற்றர் இரண்டு நாளைக்கே காணும். ஐவேளையும் வுளூச் செய்யும் குடும்பமாயின் இன்னுங் கூட வேண்டும். சமையல் எரிவாயு காற்றிலும் கனமானது. கசிந்தால் தளத்திலே தேங்கும். ஆதலால் சிலிண்டர் வைக்கும் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் துவாரம் இருத்தல் இன்றியமையாதது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரை அடுப்பாகும். கூரைக்கு வெள்ளை பூசி, எதிரெதிராகச் சாளரம் வைக்க வேண்டும். நிழலுக்காகத் தென்னையின் கீழ் நிறுத்துவோர், மேலே ஒருமுறை பார்த்துவிட்டு நிறுத்துவார்களாக!

செலவையும் மறைக்கக் கூடாது. 2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி தடைப்பட்டபோது பழைய வண்டிகளின் விலை வானளாவியது. 2025இல் தடை தளர்ந்தாலும் வண்டி மலிந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. இத்தகைய வண்டி ஒரு லீற்றர் டீசலில் நான்கு கிலோமீற்றர் ஓடினாலே பெரிது. உருமாற்றத்தை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்திற் பதியாது வீதிக்கு இறக்குவதும் தகாது. வேலை தொடங்குமுன்னரே அங்கு விசாரித்தல் நன்று.

இவையெல்லாம் ஆண்களின் கணக்கு. நானாவின் இல்லத்தில் தேநீர் அருந்தியவாறு இவற்றையே நாங்கள் பேசிக்கொண்டிருக்க, உள்ளேயிருந்த ராத்தா ஒரே வார்த்தையில் எம்மை நிறுத்தினார்.

“தம்பி, உங்கட நானா ஊர் பாக்கப் போறார். நான் எங்க போனாலும் சட்டியத்தானே பாக்கணும்?”

நான் வாயடைத்துப் போனேன். ஸ்டேபிள்ஸ் வைத்தியருடைய நினைவு வந்தது. அவர் இயற்கையை இரசித்தவாறு உலாப்போன வண்டியில், குதிரை ஓட்டுவதற்கு ஒருவரும், பணிவிடை செய்வதற்கு ஒருவரும் உடன் சென்றனர். அவருடைய ஓய்வு அவ்விருவரின் உழைப்பின்மேல் நின்றது. நமது வீடுகளில் அந்த இருவர் யாவர் என்று எவரும் கேட்பதில்லை.

நானாவின் ஆசையிலும் நியாயம் இல்லாமலில்லை. பெண்மக்களுக்கு வீடு கட்டிக் கொடுத்து மணஞ்செய்விப்பது இக்கரையோரத்தில் தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சாராரிடத்தும் நெடுநாள் வழக்கம். அவரும் ராத்தாவும் வாழ்ந்த வீட்டை மூத்தவளுக்கும், அரும்பாடுபட்டுக் கட்டிய மற்றொன்றை இளையவளுக்கும் எழுதிவிட்டு, இப்பொழுது மகளின் வளவிலே ஓர் ஓரத்தறையில் இருக்கிறார்கள். அறுபது வயதில் தமக்கென்று ஒரு கூரையை அவர் விரும்பினால், அதைப் பித்து என்று எவ்வாறு சொல்வது? ஆனால், அந்தக் கூரைக்காகச் செலவாவது இருவரும் முதுமைக்கென நம்பியிருக்கும் பணம். ஆகவே அதில் இருவருக்கும் சொல்லுரிமை உண்டு.

அன்று மாலை ராத்தா மூன்று நிபந்தனைகளை விதித்தார். அடுக்களை பின்கதவோரம், நின்று சமைக்கக்கூடிய உயரத்தில் இருக்க வேண்டும். பயண நாட்களில் ஒருவேளைச் சமையல் நானாவினுடையது. மற்றொரு வேளை கடைச்சாப்பாடு. மூன்றாவதைச் சொல்லும்போது அவர் சிரித்தார்: “எங்கட ஊரில வீடு பொம்புளைக்குத்தானே? அப்ப பஸ்ஸும் என்ட பேரிலதான் இருக்கணும்.”

அந்தத் துருப்பிடித்த வண்டியை நாங்கள் வாங்கவில்லை. வேறொன்று பார்க்கிறோம். இம்முறை ராத்தாவும் உடன் வருகிறார். பஸ்ஸை வீடாக்க நினைக்கும் அன்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே: வண்டியின் கீழே பார்க்க ஒரு நல்ல பாஸை அழைத்துச் செல்லுங்கள், உள்ளே பார்க்க, அதில் சமைக்கப்போகிறவரை அழைத்துச் செல்லுங்கள். இருவரும் சரி என்ற பின்னர் விலை பேசுங்கள்.