ஒரே இரத்தம், ஒரே குளிசையா?

திரியாய்ப் பக்கத்தில் ஒருவருக்கு நெஞ்சு நோ என்றால் ஆஸ்பத்திரிக்கு முன்பே அயல்வீட்டு மருந்து வந்துவிடும். கிளினிக்கில் கொடுத்த சின்னக் கடதாசி உறை. மேலே பேனையால் எழுதிய பெயர் வேறொருவருடையது. உள்ளே நாலு குளிசை. "அண்ணை, எனக்கு இது நல்லாக் கேட்டது, போட்டுப் பாருங்கோ." கூடப்பிறந்தவர் கொடுத்தால் தயக்கமே இல்லை, ஒரே இரத்தம்தானே! திருகோணமலைக்குப் போய்வர ஒரு நாள் உழைப்புக் கெடும் ஊரில் இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று விளங்குகிறது. ஆனால் அதன் அடியில் கிடக்கும் நம்பிக்கை பொய். அது பொய்யென்று தெரிந்து எழுபது வருடமாகிறது.

திருகோணமலை மாவட்டம் நன்றாக அறிந்த மலேரியாவையே எடுப்போம். 2016இல்தான் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று அறிவித்தது. காய்ச்சல் விட்ட பிறகும் ஈரலில் ஒளிந்திருக்கும் கிருமியைக் கொல்லக் கொடுப்பது பிரிமாகுயின், வழக்கமாக 14 நாட்களுக்கு. அநேகருக்கு அதனால் பெரிய தொல்லை இல்லை. சிலருக்கோ இரத்தத்தின் சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீர் கறுக்கும், கண் மஞ்சளாகும். ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடே காரணம் என்று 1956இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள்.

அந்த நொதிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. குறைபாட்டைச் சுமக்கும் தாய்க்கு ஒரு சுகயீனமும் தெரியாமலிருக்கலாம். அவள் பெறும் ஒவ்வொரு ஆண் பிள்ளைக்கும் அது போக இரண்டில் ஒரு வாய்ப்பு. ஆக, மூத்தவனைக் குணமாக்கிய அதே குளிசை இளையவனின் இரத்தத்தை உடைக்கலாம். இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். மலேரியா நெடுங்காலம் இருந்த நிலங்களில்தான் இந்தக் குறைபாடு கூடுதல் என்பதையும் நாங்கள் மறந்துவிடக் கூடாது.

மாரடைப்பு வந்தவர்களின் கிளினிக் கொப்பிகளில் அடிக்கடி காணும் பெயர் குளொப்பிடோகிரல். விழுங்கும்போது அது இன்னும் மருந்தாகவில்லை. ஈரல்தான் அதை மருந்தாக மாற்ற வேண்டும். அந்த வேலையைச் செய்யும் நொதி பிறப்பிலேயே பலவீனமானவர்கள் தெற்காசியாவில் ஏராளம். அவர்கள் நேரந்தவறாமல் போட்டாலும் இரத்தக்கட்டியைத் தடுக்கும் பலன் குறையும். பாரிசவாதம் வந்தவர்களுக்கு இதைக் கொடுக்கமுன் மரபணுவைப் பார்க்கும்படி இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டல் தரும் நைஸ் அமைப்பு 2024 ஜூலையில் பரிந்துரைத்தது.

இதெல்லாம் வெள்ளைக்காரர் கதை, எங்கட ஆட்களுக்கு எதற்கு என்பார்கள். உலகின் 26 சமூகங்களிலிருந்து 2,504 பேரின் மரபணுத் தொகுதியை வாசித்து 2015இல் முடிந்த 'ஆயிரம் மரபணுத் தொகுதி' திட்டத்தில் பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழரும் ஒரு சமூகம். அந்த நூறு பேரளவான தமிழருக்குள்ளேயே ஆளுக்காள் வேறுபாடு. இனத்தைப் பார்த்தும் மருந்து முடிவெடுக்க ஏலாது.

மரபணுவைப் புதுச் சாதகமாக்குகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. வயது, சிறுநீரகம், கூடவே போடும் மற்றக் குளிசைகள் எல்லாம் மருந்தின் போக்கை மாற்றும். திரியாய்க்கு ஆய்வுகூடமும் நான் கேட்கவில்லை. ஜி6பிடிக்கு நொதியை அளக்கும் இரத்தச் சோதனை போதும். கேட்பது இவ்வளவுதான்: ஒத்துவராத மருந்தின் பெயரை ஒவ்வொரு கிளினிக் கொப்பியின் முன்மட்டையிலும் பெரிதாக எழுதுங்கள். அண்ணனுக்கு ஒத்துவராததைத் தம்பியின் கொப்பியிலும் எழுதுங்கள். அவனுக்கும் சோதனை வேண்டுமா என்று டொக்டர் சொல்லட்டும்.