அவியல் – இது சமையல் குறிப்பு அல்ல

போன சனிக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு சின்ன உலகப்போர். காரணம், பாட்டு.

பையனுக்குப் பதினைந்து வயது. பிறந்தது திருவனந்தபுரத்தில். இரண்டு வயதில் தூக்கிக்கொண்டு இங்கே பிரான்சுக்கு, துலூஸ் நகரத்துக்கு வந்துவிட்டோம். அவன் அறையில் எந்நேரமும் தமியேன் சாயேஸ் என்ற பிரெஞ்சுப் பாடகர் கத்திக்கொண்டிருப்பார். தானே எழுதி, தானே மெட்டமைத்துப் பாடும் ஆசாமி. 1999-ல் வந்த 'ஜூர் எத்ரான்ஜ்' என்ற ஆல்பம். 'விசித்திர நாட்கள்' என்று அர்த்தம். முழுக்கக் கிடார் இரைச்சலும் கோபமும்.

அன்றைக்குப் பொறுக்க முடியாமல், "ஏல, ஒரு நாளாவது தமிழ்ப் பாட்டு கேக்கக் கூடாதா?" என்று கத்திவிட்டேன்.

அவன் கத்தவில்லை. அதுதான் பிரச்சினையே. பாதித் தமிழும் பாதி பிரெஞ்சுமாக நிதானமாகச் சொன்னான்: "அப்பா, நீங்க போடுற பாட்டெல்லாம் சினிமாவுல யாரோ ஒருத்தருக்காக வேற ஒருத்தர் பாடுறது. இவர் அவருக்காகப் பாடுறார். எனக்கு அதான் வேணும்."

தங்கமணி என்னைப் பார்த்த பார்வையில் 'பதில் சொல்லுங்க பாப்போம்' என்று எழுதியிருந்தது. என்னிடம் பதில் இல்லை. சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். தூக்கம் வரவில்லை. நடு ராத்திரியில்தான் ஞாபகம் வந்தது... அட, இதே கேள்விக்கு நான் திருவனந்தபுரத்தில் ஒரு பதில் கேட்டிருக்கிறேனே!

கொஞ்சம் கொசுவர்த்தி சுற்றிக்கொள்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. 2006-ல் டெக்னோபார்க்கில் வேலை கிடைத்து, கழக்கூட்டத்தில் அறை எடுத்துத் தங்கினேன். அலுவலகத்தில் என்னைச் செல்லமாக 'பாண்டி' என்பார்கள். தமிழ்ப் பேச்சு காதில் விழ வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை சாலை பஜார் பக்கம் ஒரு நடை போனால் போதும். பிறகு தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ். லாரி பேக்கர் கட்டிய அந்தச் சுழல் கட்டிடத்தில் சரிந்துகொண்டே மேலே ஏறி ஒரு காபி. இதுதான் பிரம்மச்சாரி வாழ்க்கை.

2008-ல் பக்கத்து சீட்டு சேட்டன் ஒருநாள் ஒரு சிடியை நீட்டினார். "பாண்டி, இது கேட்டு நோக்கு." அட்டையில் 'அவியல்' என்று இருந்தது. நமக்கு அவியல் என்றால் முருங்கைக்காயும் சேனைக்கிழங்கும்தானே! "மலையாளத்துல ராக்கா? யேசுதாஸ் ஊர்ல இதெல்லாம் தேவையா சேட்டா?" என்று சிரித்தேன்.

எட்டே பாட்டு. கேட்டு முடித்தபோது சிரிப்பு போயிருந்தது.

2003-ல் திருவனந்தபுரத்தில் உருவான குழு இந்த அவியல். டோனி ஜான், கிடாரில் ரெக்ஸ் விஜயன், பேஸ் கிடாரில் நரேஷ் காமத், டிரம்ஸில் மிதுன். ஆரம்பத்தில் பாடியவர் ஆனந்த்ராஜ் பெஞ்சமின் பால். 'நட நட' என்ற பாட்டின் வீடியோ டிவியில் வந்து பெயர் வாங்கிக் கொடுத்தது. அவர் விலகிய பிறகு டோனி ஜானே பாடினார். அந்தக் காலத்தில் கிடாரைத் தூக்கிய நம்மூர்ப் பையன்களில் பலர் ஆங்கிலத்தில்தான் பாடினார்கள். ராக் என்றால் வெள்ளைக்காரன் உச்சரிப்பு வேண்டும் என்று ஒரு நினைப்பு. இவர்கள் நாட்டுப்பாட்டு வாசனையோடு, ஊர்ப்பேச்சு மலையாளத்தில், மேற்கத்திய ராக்கின் முழு இரைச்சலோடு பாடினார்கள். கதாநாயகன் இல்லை, காட்சி இல்லை, டூயட் இல்லை.

அந்த ஆல்பத்தில் ஒரு பாட்டுக்கு 'ஆடு பாம்பே' என்று பெயர். எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதா? நம்ம பாம்பாட்டிச் சித்தர்! ஆனால் இது நாராயண குரு மலையாளத்தில் எழுதிய 'குண்டலினிப் பாட்டு'. அதே பாம்பு, அதே ஆட்டம். இதில் அதிசயமில்லை. திருவனந்தபுரத்தை அடுத்த செம்பழந்தியில் 1856-ல் பிறந்த குரு தமிழ் நன்றாகக் கற்றவர், தமிழில் பதிகங்களும் எழுதியவர். அவருக்கு யோகம் கற்றுக்கொடுத்த தைக்காடு அய்யாவு சுவாமிகள் தமிழ்நாட்டில் பிறந்தவர். சித்தர் கூப்பிட்ட பாம்பு குருவின் பாட்டுக்குள் புகுந்து, நூறு வருடம் தாண்டி, எலக்ட்ரிக் கிடார் சத்தத்தில் படம் எடுத்து ஆடியது. எந்தப் பண்டிதரும் உத்தரவு போட்டு நடந்ததில்லை. நாலு பையன்களுக்குப் பிடித்திருந்தது, பாடினார்கள்.

நிற்க. நான் சொல்ல வந்தது இதுதான்.

வெளிநாட்டில் இருக்கிற நாம் குழந்தைகளுக்குத் தமிழை எப்படிக் கொடுக்கிறோம்? காலையில் விளக்கெண்ணெய் கொடுக்கிற மாதிரி. சனிக்கிழமை தமிழ் வகுப்பு, ஆண்டு விழாவுக்கு ஒரு குறள், காரில் போனால் நம் கல்லூரிக் காலத்து சினிமாப் பாட்டு. எல்லாம் நல்ல விஷயம்தான், நான் மறுக்கவில்லை. இளையராஜாவின் கிடாரைக் குறை சொன்னால் எனக்கே கோபம் வரும். ஆனால் அது நம் வயதின் பாட்டு. பதினைந்து வயதுக்காரனுக்குத் தன் கோபத்தையும் தனிமையையும் சொல்ல ஒரு மொழி வேண்டும். அந்த இடத்தில் தமிழ் இல்லையென்றால் பிரெஞ்சு வந்து உட்காரும். அவனைத் திட்டி என்ன பயன்?

இந்த ஊர்க்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். 1994-ல் சட்டம் போட்டு, 1996 முதல் தனியார் வானொலிகள் ஒலிபரப்பும் பாட்டுகளில் 40 சதவீதம் பிரெஞ்சில் இருக்க வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய மொழிக்கே ஆங்கிலத்தைப் பார்த்துப் பயம்! ஆனால் சட்டம் இடம்தான் கொடுக்கும். அந்த இடத்தில் நின்று பாட, சொந்த மொழியில் கத்தத் தயாராக ஒரு ஆள் வேண்டும். சாயேஸ் மாதிரி. அவியல் மாதிரி.

"தமிழில் அப்படி யாரும் இல்லையே" என்று சொல்லாதீர்கள். மலேசியாவிலிருந்து யோகி பி குழுவின் 'வல்லவன்' 2006-லேயே வந்தது. அது ராப் என்றாலும் சொந்தக் குரல். சென்னையில் கபேர் வாசுகி தானே எழுதிப் பாடுகிறார். குரங்கன் என்று ஒரு ராக் குழு இருந்தது. 2018-ல் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானாவையும் ராக்கையும் ராப்பையும் சேர்த்து மேடை ஏறியது. இருந்தார்கள், இருக்கிறார்கள். நாம்தான் காது கொடுக்கவில்லை. நட்சத்திரக் கலைநிகழ்ச்சிக்குக் குடும்பத்தோடு டிக்கெட் வாங்குகிற நாம், இவர்களுடைய ஒரு ஆல்பத்தைக் காசு கொடுத்து வாங்கியிருப்போமா? நான் வாங்கியதில்லை. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

கேட்பவர்கள் போதவில்லையென்றால் என்ன ஆகும்? அவியலையே பாருங்கள். 2011-ல் 'சால்ட் அண்ட் பெப்பர்' படத்தில் அவர்கள் பாட்டு வந்தது. அதே வருடம் 'சாப்பா குரிசு' படத்துக்கு ரெக்ஸ் விஜயன் இசையமைத்தார். பிரமாதமான இசைதான். ஆனால் சினிமாவுக்கு வெளியே நின்று பாடிய அந்தக் குரல் கடைசியில் சினிமாவுக்குள்தான் சோறு தேட வேண்டியிருந்தது என்றே எனக்குப் படுகிறது.

சரி, யுத்தம் என்ன ஆயிற்று?

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்றும் சொல்லாமல் 'நட நட'வை ஓடவிட்டேன். இரண்டாவது நிமிடம் பையன் கதவைத் திறந்து வந்தான். "இது தமிழா?" "இல்ல, மலையாளம். நீ பொறந்த ஊரு." "அப்ப தமிழ்ல?" நான் தேடித் தேடிப் போட்டேன். சிலதுக்கு உதட்டைப் பிதுக்கினான். சிலதைத் திரும்பக் கேட்டான். நேர்மையான விமர்சகன்!

நேற்று அவன் மேஜையில் ஒரு தாள் கிடந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி நாலு வரி. பாட்டாக இருக்க வேண்டும். இரண்டு சொல் தப்பு, ஒரு சொல் பிரெஞ்சு. என் கை தானாகப் பேனாவைத் தேடியது. தங்கமணி கையைப் பிடித்துக்கொண்டாள்.

பேனாவை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் என்ன கேட்கிறார்கள்? ஒருமுறை சண்டை போடாமல் கூட உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள்.

பி.கு: தலைப்பைப் பார்த்துவிட்டுச் சமையல் குறிப்பு தேடி வந்த தாய்க்குலத்துக்கு: தேங்காயெண்ணெயைக் கடைசியில்தான் ஊற்ற வேண்டும். நான் சொல்லவில்லை, தங்கமணி சொல்லச் சொன்னாள் :-)