கோழியை விற்காதீங்க, கூண்டைச் சரி பண்ணுங்க

1/20
போன வாரம் ஓபி-யில் ஒரு மகன் தன் அம்மாவைக் கூட்டிக்கிட்டு வந்தார். அம்மாவுக்கு 68 வயசு, 12 வருஷமா சர்க்கரை. "கால்ல பலமே இல்லைங்கிறாங்க டாக்டர், ஒரு சத்து ஊசி போடுங்க"ன்னார். வீட்டுல என்ன வேலை செய்வாங்கன்னு கேட்டேன். "ஒரு வேலையும் விடுறதில்ல சார்"னு பெருமையா சொன்னார். (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.)

2/20
விசாரிச்சா, எட்டு மாசத்துக்கு முன்னாடி கொல்லையில் இருந்த பன்னிரண்டு கோழியையும் வித்தாச்சு. கூண்டைப் பிரிச்சாச்சு. கொல்லை முழுக்க சிமென்ட். கூட்ட ஆள் வெச்சாச்சு. அம்மா காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் டிவி முன்னாடி. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாம எழுந்திருக்கச் சொன்னேன். மூணு தடவை முயற்சி செஞ்சாங்க. முடியல.

3/20
இந்த இழை அந்த மகனுக்கு மட்டும் இல்ல. "அம்மா பட்டது போதும், இனி உட்காரட்டும்"னு நினைக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும். உங்க பாசத்தில் எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா உடம்புக்குப் பாசம் தெரியாது. வேலை இருந்தா தசையை வைத்துக்கொள்ளும், இல்லைன்னா கரைத்துவிடும். அவ்வளவுதான்.

4/20
2007-ல் ஓர் ஆய்வு வந்தது. நோய் எதுவும் இல்லாத முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். காலில் இருந்து மட்டும் ஏறத்தாழ 1 கிலோ தசை போய்விட்டது. பத்தே நாள்! டிவி பார்ப்பதும் முழுப் படுக்கையும் ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போகிற திசை அதேதான். உங்க அம்மா எத்தனை மாசமா உட்கார்ந்திருக்காங்கன்னு எண்ணிப் பாருங்க.

5/20
சர்க்கரை நோயாளிக்கு இது இரட்டை நஷ்டம். நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் இருந்து வரும் குளுக்கோஸைப் பெருமளவு இழுத்துக்கொள்வது தசைதான். தசை குறைந்து, இருக்கிற தசைக்கும் வேலை இல்லைன்னா, அந்தச் சர்க்கரை ரத்தத்தில்தான் சுற்றும். நாங்கள் மாத்திரையைக் கூட்டுவோம். நீங்க "மாத்திரை ஜாஸ்தியாயிட்டே போகுது"ன்னு எங்களைத் திட்டுவீங்க.

6/20
"அதுக்குத்தான் சார் வாக்கிங் போகச் சொல்றோம்." நல்லதுதான். எத்தனை நாள் போனாங்க? தெருவில் நாய், ரோட்டில் வண்டி, கூட வர ஆள் இல்லை, நாலு பேர் பார்ப்பாங்கன்னு கூச்சம். ஒரு வாரத்தில் நின்றுவிடும். ஆனால் கோழி அப்படி விடாது. விடிஞ்சதும் கூண்டைத் திறந்தே ஆகணும். தண்ணி மாத்தணும், இரை போடணும், முட்டை எடுக்கணும், பொழுது சாய எண்ணி அடைக்கணும்.

7/20
உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடல் உழைப்பு வேண்டும் என்கிறது. வீட்டு வேலையும் அதில் சேர்த்தி. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு, தடுமாறாமல் நிற்கவும் தசை பலத்துக்கும் வாரம் மூன்று நாளாவது பயிற்சி தேவை என்றும் சொல்கிறது. குனிவது, நிமிர்வது, வாளி தூக்குவது, எட்டி முட்டை எடுப்பது இதற்கெல்லாம் நல்ல பழக்கம்.

8/20
இப்ப ஒரு கோபமான கேள்வி வரும். "பொம்பளைங்கள சாகுற வரைக்கும் வேலை வாங்கணும்னு சொல்றீங்களா டாக்டர்?" நியாயமான கோபம். இல்லை. அதே வீட்டில் ரிட்டையர் ஆன அப்பா ஒருத்தர் ஈஸி சேரில் பேப்பர் படிச்சிட்டு இருப்பார். அவருக்கும் சர்க்கரை இருக்கும். பாதி வேலையை அவர்கிட்ட கொடுங்க. கூண்டு சுத்தம் செய்வது அவர் பொறுப்பு.

9/20
என் கட்சி இதுதான்: வேலையைப் பிடுங்காதீங்க, வேலையில் இருக்கிற ஆபத்தைப் பிடுங்குங்க. பிள்ளையாகச் செய்ய வேண்டியது கோழியை விற்பது இல்ல. அம்மாவோட முட்டிக்கும் இடுப்புக்கும் ஏற்ற மாதிரி கூண்டைக் கட்டித் தருவது. எப்படின்னு சொல்றேன். கார்பென்டர்கிட்ட காட்டுங்க.

10/20
பத்துக் கோழிக்கு 6 அடிக்கு 4 அடி போதும், பகலில் வெளியே மேயும் கோழின்னா. கூண்டைத் தரையில் வைக்காதீங்க. கால் வைத்து 2 முதல் 3 அடி உயரத்தில் நிறுத்துங்க. நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் நேர் வெயில் உள்ளே குறைவாக அடிக்கும். மேலே தகரம் போட்டால் அதன்மேல் தென்னங்கீற்று வேயுங்க, இல்லைன்னா சித்திரை வெயிலில் கோழி வெந்துடும்.

11/20
அடுத்தது முக்கியம். முட்டை வைக்கும் பெட்டிக்கு வெளிப்பக்கமிருந்து திறக்கிற மாதிரி தனி மூடி, அம்மாவோட இடுப்பு உயரத்தில். குனிஞ்சு, தவழ்ந்து, தலையை உள்ளே விட்டு முட்டை தேடும் வேலையே இருக்கக் கூடாது. அடியில் கம்பிவலை போட்டால் எச்சம் கீழே விழும். கீழே சாம்பலோ உமியோ தூவி வைத்தால், நீளக் காம்பு போட்ட மண்வெட்டியால் நின்றபடியே இழுத்து அள்ளலாம்.

12/20
விளக்குமாறும் அப்படித்தான். குட்டை ஈர்க்குமாறை வெச்சிக்கிட்டு ஒடிஞ்சு குனிஞ்சு கூட்டுவதில்தான் இடுப்பு போகுது. அதையே ஒரு மூங்கில் கம்பில் இறுக்கிக் கட்டுங்க. தீவன மூட்டை 50 கிலோ வாங்கிப் போட்டுட்டு நீங்க ஊருக்குப் போயிடாதீங்க, 5 கிலோ டப்பாவில் பிரித்து வைத்துவிட்டுப் போங்க. பாசி பிடிச்ச இடத்தைத் தேய்த்துவிடுங்க. இடுப்பு எலும்பு முறிவுக்கு ஒரு வழுக்கல் போதும்.

13/20
பாம்பு. கோழி இருக்கும் இடத்தில் சிந்திய தீவனத்துக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். அதனால் தீவனம் மூடி போட்ட டிரம்மில். பக்கத்தில் விறகு, செங்கல் குவியல் வேண்டாம். சாதாரண கோழிவலை கோழியை உள்ளே வைக்கும், எலியைத் தடுக்காது. அரை இன்ச் வெல்டு மெஷ் போடுங்க. இருட்டில் டார்ச் இல்லாமல் கூண்டுக்குள் கை விடவே கூடாது.

14/20
2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்பது ஒரு பெரிய ஆய்வின் மதிப்பீடு. கடித்தால் கீறாதீங்க, உறிஞ்சாதீங்க, கயிறு போட்டு இறுக்காதீங்க, பாம்பைத் தேடி அடிக்கப் போகாதீங்க. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, நேரா விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்குப் போங்க. அரசு மருத்துவமனையில் அது இலவசம்.

15/20
சர்க்கரை உள்ளவங்க வெறுங்காலோடு கொல்லைக்குப் போகவே கூடாது. காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் ஏறினதே தெரியாது, சீழ் வைத்தபிறகுதான் தெரியும். பின்வார் வைத்த, பாதத்தை மூடுகிற செருப்பு. ராத்திரி படுக்குமுன் பாதத்தைப் பார்த்துவிடுங்க. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ போட்டுவிட்டு வெறும் வயிற்றில் வேலை செய்யாதீங்க. வேலையை வெயில் ஏறுமுன் முடிங்க.

16/20
கிருமியும் உண்டு, மறைக்க மாட்டேன். பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் கோழியின் எச்சத்திலும் சால்மோனெல்லா இருக்கலாம். 65 தாண்டியவர்களுக்கும் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் அது கடுமையாகப் போகும். கோழியைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவணும். பேரப்பிள்ளை குஞ்சுக்கு முத்தம் கொடுப்பதை போட்டோ எடுக்காதீங்க, தடுங்க. முட்டையை நன்கு வேக வையுங்க. கூண்டைக் கூட்டுமுன் தண்ணி தெளிங்க, மாஸ்க் போடுங்க. ஆஸ்துமா இருந்தால் அந்த வேலை வேற ஆளுக்கு.

17/20
இதுதான் எனக்கு ரொம்ப ஆத்திரம் வருகிற இடம். கோழி தூங்கி விழுந்தால் உடனே மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கித் தண்ணியில் கரைக்கிறது. வெள்ளைக்கழிச்சல் ஒரு வைரஸ் நோய், ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. ஆனால் உங்க கொல்லையில் இருக்கும் பாக்டீரியா அந்த மருந்துக்குப் பழகிவிடும். நாளைக்கு அதே கிருமி உங்க அம்மாவின் சிறுநீரில் வந்தால், என் கையில் வேலை செய்கிற மருந்து இருக்காது. ஐசியூ-வில் கடைசி அஸ்திரமாக வைத்திருக்கும் கோலிஸ்டினை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குத் தரக் கூடாது என்று 2019-ல் மத்திய அரசு தடையே போட்டது.

18/20
வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி இருக்கு. கால்நடைத் துறை பிப்ரவரியில் முகாம் போட்டு இலவசமாகப் போடுகிறது. அதைத் தவறவிடாதீங்க. கோழிகள் திடீரென்று கூட்டமாகச் செத்தால் வெறுங்கையால் தொடாதீங்க, அறுத்துச் சாப்பிடாதீங்க, கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்க. பறவைக் காய்ச்சலை முதலில் கண்டுபிடிப்பது இப்படித்தான்.

19/20
எல்லாருக்கும் இது பொருந்தாது. வேலை செய்யும்போது நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல், அடிக்கடி தலைசுற்றல், ஆறாத கால்புண், சமீபத்தில் ஆபரேஷன், எதிர்ப்பு சக்தி குறைக்கும் மருந்து: இதில் ஒன்று இருந்தாலும் முதலில் உங்க டாக்டரைக் கேளுங்க. என் சக மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை. "ரெஸ்ட் எடுங்கம்மா"ன்னு சொன்னால், எத்தனை நாள்னு சேர்த்துச் சொல்லுங்க. நானும் அப்படி மொட்டையா சொல்லி அனுப்பினவன்தான். மூணு நாளைக்குன்னு நான் நினைச்சு சொன்னதை ஆயுசுக்கும்னு எடுத்துக்கிட்ட வீடுகளைப் பார்த்திருக்கேன்.

20/20
அந்த அம்மாவுக்குச் சத்து ஊசி போடல. நாற்காலியில் எழுந்து உட்காரும் பயிற்சி சொல்லிக் கொடுத்தேன். சீட்டுக்குப் பின்னாடி கூண்டை வரைஞ்சு மகன்கிட்ட நீட்டினேன். அதுவரைக்கும் பேசாம இருந்த அம்மா எட்டிப் பார்த்துட்டு, "கதவ வடகிழக்க வெக்காதீங்க தம்பி, ஐப்பசி மழையில சாரல் உள்ள அடிக்கும்"னாங்க. அவங்க சொன்னதுதான் சரி. திருத்தி வரைஞ்சேன். முதல்ல நாலு கோழி போதும்னு பேசி முடிச்சோம். நீங்களும் இந்த ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போனா, கொல்லையில் என்ன மாத்தணும்னு அம்மாகிட்டயே கேளுங்க. பிறகு கார்பென்டரைக் கூப்பிடுங்க.